நாவல் மரம் இருக்கிறது

ஜாஃபர் சாதிக்குக்குக் குவைத்தில் குப்பூஸ் ரொட்டி வேன் ஓட்டும் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு பேக்கரியில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், கடை கடையாக இறக்கி முடிக்க ஒன்பது ஆகிவிடும். அந்த ஐந்து மணி நேரமும் அவனுக்குப் பேச்சுத் துணை, கூத்தாநல்லூரிலிருந்து அவன் மனைவி ஆசியா அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்தான்.

வீடியோ கால் அவனுக்குப் பிடிக்காது. "வண்டி ஓட்டுறப்ப பாக்க முடியுமா? நீ பேசி அனுப்பு. பேசினாதான் நான் அங்க இருக்கிற மாதிரி இருக்கும்" என்பான். என்ன பேசுவது என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, மகள் ரிஃப்காவுக்குக் காய்ச்சல், மாமாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினாள். "சரி", "ம்" என்று பதில் வரும். ஒருநாள் போகிற போக்கில், வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதைச் சொன்னாள்.

"தண்ணி வந்துருச்சுங்க. நுரையும் சருகுமா மெதுவா ஊர்ந்து வந்துச்சு. படித்துறைகிட்ட வந்ததும் நின்னுருச்சு. எந்த வீட்டு வாசல்னு தெரியாம நிக்கிற விருந்தாளி மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்னு, அப்பறம்தான் போச்சு."

அன்றைக்கு மட்டும் அவன் நாலு வாய்ஸ் அனுப்பினான். தண்ணீர் என்ன நிறம்? எத்தனை படி முங்கியிருக்கிறது? பிள்ளைகள் குதிக்கிறார்களா? நாவல் மரத்தில் காய் பிடித்திருக்கிறதா? அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமாகி அதுவரைக்கும் அவளிடம் அவன் அத்தனை கேள்வி கேட்டதில்லை. மறுநாளிலிருந்து காலையில் ரிஃப்காவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஆற்றங்கரைக்குப் போய்வர ஆரம்பித்தாள். போய் நின்று பார்த்துவிட்டு, அங்கேயே போனை வாயருகே வைத்துப் பேசி அனுப்புவாள். பேசப் பேசப் பேச்சு வந்தது. மீன்கொத்தி, கரையில் மேயும் வாத்து, அக்கரையில் நாற்றுப் பறிப்பவர்கள் போடும் சத்தம், மழைக்கு முந்தி ஆறு கறுத்துப் போவது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. அது தன்னிடம் இருப்பதே அதற்கு முன் அவளுக்குத் தெரியாது.

கஜா புயல் வந்த வருஷம் ஆவணியில் அவள் மாமனார் மீரா சாகிப் இறந்தார். ஜாஃபரின் அகாமாவை, அங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. அவனால் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் போனில் காட்ட, தகப்பனை மையத்தாங்கொல்லையில் அடக்குவதை அவன் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பார்த்தான். அதன் பிறகு இரண்டு மாதம் அவன் சரியாகப் பேசவில்லை.

ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. ஆறு நாள் கரண்ட் இல்லை. ஏழாம் நாள் பள்ளிவாசல் ஜெனரேட்டரில் போனுக்குச் சார்ஜ் ஏற்றி அவனைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு ஒன்றும் பெரிய சேதமில்லை, கொல்லையில் போட்டிருந்த தகரக் கூரை பறந்துவிட்டது, மூன்று தென்னை போய்விட்டது என்று சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவன் கடைசியாக, கேட்கவே பயந்தவன் போல, "படித்துறை நாவமரம்?" என்றான்.

அந்த மரத்தை அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வேர் வானத்தைப் பார்க்கப் படிகளை உடைத்துக்கொண்டு கிடந்தது. ஆட்கள் ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரத்துக்குக் கீழேதான் மீரா சாகிப் தன் மகனின் இடுப்பில் துண்டைக் கட்டி நீச்சல் பழக்கினார். அதை ஜாஃபர் அவளிடம் நூறு தடவை சொல்லியிருந்தான்.

"இருக்குங்க" என்றாள்.

"இருக்கா?"

"ரெண்டு கெளை முறிஞ்சிருக்கு. மத்தபடி நல்லா இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். அதாச்சும் இருக்கே" என்று சொல்லிவிட்டு ஜாஃபர் அழுதான். தகப்பன் இறந்தபோதுகூட அவன் அப்படி அழுது அவள் கேட்கவில்லை.

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அவள் பிறகு நிறையச் சொல்லவேண்டியிருந்தது. முறிந்த கிளை துளிர்த்தது. அடுத்த ஆனியில் மரம் காய்த்தது. பிள்ளைகள் கல்லெறிந்து பழம் தின்றார்கள். ஆறும் வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கொண்டு வந்தது. வந்த தண்ணீர் சீக்கிரம் நின்றது. நின்ற இடத்தில் ஆகாயத்தாமரை மூடியது. சாக்கடையைக் கொண்டுவந்து அதில் விட்டார்கள். ஒருதடவை உள்ளதைச் சொன்னாள். "நாத்தம் தாங்கலைங்க, மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் பாலத்துல நடக்கணும்." அன்று அவனிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள், "காலங்காத்தால அதெல்லாம் ஏன் சொல்ற? இங்க நான் ரொட்டி நாத்தத்துலயும் டீசல் நாத்தத்துலயும் கெடக்கேன்" என்றான். அதன் பிறகு அவள் ஆற்றைத் தன் இஷ்டத்துக்கு ஓடவிட்டாள். கரையில் நிற்பாள், கண்ணெதிரே பிளாஸ்டிக்கும் சேறும் கிடக்கும், வாய் வேறொன்றைச் சொல்லும். "பழம் உதிந்து படியெல்லாம் ஊதாவா கெடக்குங்க. யாரோ சின்னப்புள்ள பேரெழுதிப் பழகின மாதிரி." சொல்லி முடித்ததும் அவளுக்கே அது கண்ணில் தெரியும். வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருக்கும்.

ஜாஃபர் ஊருக்கு வரவே இல்லை. ஒரு வருஷம் கொரோனா, அடுத்த வருஷம் லீவு இல்லை, அதற்கடுத்த வருஷம் கம்பெனி மாற்றம். ஆறு வருஷம் ஆயிற்று.

அவன் அறையில் நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் இருந்தான், ஹபீப் முகம்மது. கீபோர்டு வாசிப்பான். வெள்ளிக்கிழமைகளில் ஜாஃபர் ஏதோ எழுத, ஹபீப் மெட்டுப் போட, இருவருமாகச் சேர்ந்து ஒரு பாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் போட்டார்கள். 'புதுத் தண்ணி' என்று பேர். ஒரு மாதத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் தம்ரூட் இனிப்பு வாங்கப் போன ஆசியா, கல்லாவில் இருந்தவரின் போனிலிருந்துதான் அதை முதன்முதலில் கேட்டாள்.

*வாசல் தெரியாத விருந்தாளி போல*
*வந்து நிக்குது புதுத் தண்ணி*
*நாவல் உதிர்ந்த படியில எல்லாம்*
*ஊதா எழுத்துல என் பேரு*

கால் அங்கேயே நின்றுவிட்டது. "உங்க வீட்டுக்காரர் பாட்டுதானேம்மா? என்னமா எழுதியிருக்காரு!" என்றார் கடைக்காரர். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினாள். வெட்கமும் பெருமையுமாக வீட்டுக்கு வந்து, ரிஃப்காவின் போனில் அதைப் பன்னிரண்டு தடவை கேட்டாள். நாலு சரணத்திலும் இருந்தவை அவள் சொன்னவை. மீன்கொத்தி, வாத்து, மழைக்கு முந்தி கறுக்கும் ஆறு. தன் பேச்சை ஒருவன் இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்திருக்கிறான் என்று நினைத்தபோது, புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாட்டில் தன் பேச்சு இருக்கிறதே தவிர, தான் எங்கேயும் இல்லை என்பது பதிமூன்றாவது தடவை கேட்கும்போதுதான் உறைத்தது. அவன் அத்தா இருந்தார், மரம் இருந்தது, படி இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை.

பிறகு ஒரு சேனலில் பேட்டி வந்தது. சென்னையிலிருந்து ஸ்ரீவித்யா என்று ஒரு பெண் அவனிடம் கேட்டாள். "பாலைவனத்துல இருந்துக்கிட்டு இவ்வளவு உயிரோட ஆத்தை எப்படி எழுத முடிஞ்சுது சார்?"

ஜாஃபர் கண்ணை மூடித் திறந்து, "ஞாபகம்தாங்க. கண்ண மூடினா எல்லாம் வந்து நிக்கும்" என்றான்.

பதினாறு வயசு ரிஃப்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு நாட்களில் கூடவே போய், அம்மா ஆற்றங்கரையில் நின்று பேசியதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். "அம்மா, அது நீங்க சொன்னது தானே?" என்றாள்.

"அத்தா சொல்றதுலயும் தப்பில்ல. பொறந்து வளந்த ஊரு, ஞாபகம் இருக்காதா" என்றாள் ஆசியா. ஆனால் அன்று சமைத்த குழம்பில் உப்பே போடவில்லை.

மாசியில் ஜாஃபர் ஊருக்கு வந்தான். தஞ்சாவூரில் ஒரு இலக்கிய அமைப்பு அவனுக்குப் பாராட்டு விழா வைத்திருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஸ்ரீவித்யாவின் ஆட்கள் ஆற்றங்கரையில் படம் எடுக்க வருவதாக ஏற்பாடு. வந்த அன்றே ஆசியா சொல்லிவிட நினைத்தாள். வீடு நிறைய ஆட்கள். மறுநாளும் ஆட்கள். ஒருதடவை அவன் தனியாகக் கைகழுவிக்கொண்டிருந்தபோது, "ஆத்துப் பக்கம் போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "இரு, இரு. நானே போய்ப் பாக்குறேன். எதையும் சொல்லிக் கெடுத்துராத. கேமரா முன்னாடியே முதல்ல பாக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றான் அவன். சரி என்று விட்டுவிட்டாள். பயத்தில் விட்டாளா, போய்ப் பார்க்கட்டும் என்று விட்டாளா என்று பிற்பாடு அவள் பலமுறை யோசித்ததுண்டு. இரண்டும் இருந்தது.

மேட்டூரை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை பத்து மணி வெயிலில் ஜாஃபர் வெள்ளைச் சட்டையில், கேமரா பின்னால் வர, ஆற்றங்கரைச் சந்தில் நடந்தான். ஆசியாவும் ரிஃப்காவும் ஓரமாகத் தொடர்ந்தார்கள். சந்து முடிந்து கரை வந்ததும் அவன் நின்றான். எதிரே மணல்கூட இல்லை. கறுத்த சேறு, அதன் மேல் காய்ந்த ஆகாயத்தாமரை, நடுவில் ஒரு குழாயிலிருந்து விழுந்து தேங்கிய பச்சைத் தண்ணீர். புயலில் உடைந்த படித்துறைக்குப் பதிலாகக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள்.

அவன் இடதுபக்கம் பார்த்தான், வலதுபக்கம் பார்த்தான். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பி, வந்த வழியையும் பார்த்தான். கரையில் ராமாயி என்ற கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், "இங்க ஒரு நாவமரம் இருக்குமே?" என்று கேட்டான்.

"நாவமரமா? அது கஜாவுலயே போயிருச்சே தம்பி. வெறவுக்கு நானே ரெண்டு கட்டு எடுத்துட்டுப் போனேன்" என்ற ராமாயி, கேமராவைப் பார்த்ததும் சிரித்தாள். "அட, பாட்டு எழுதின தம்பி நீங்கதானா? அந்த மரத்தப் பத்தித்தானே பாட்டு?"

கேமராக்காரர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஜாஃபர் மெதுவாகத் திரும்பி ஆசியாவைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு நின்றாள்.

ஸ்ரீவித்யா கெட்டிக்காரி. ஒன்றும் கேட்கவில்லை. "சார், தண்ணி இருக்கிற இடமாப் பாத்து எடுத்துக்கலாம்" என்றாள். நீடாமங்கலம் தாண்டி ஒரு மதகுக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கரையில் ஒரு மரமும் இருந்தது. "இது புங்கமரம்" என்றான் ஜாஃபர். "யாருக்கு சார் தெரியப்போவுது, இலை பச்சையா இருந்தா போதும்" என்றார் கேமராக்காரர். அந்தப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, கையால் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டு, ஜாஃபர் பேசினான்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினான்.

"நாலு பேரு முன்னாடி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி பண்ணிட்டியே. ஏன்டி பொய் சொன்ன?"

"மாமா மவுத்தாகி மூணு மாசங்கூட ஆகல. அதையும் சொல்லி உங்கள அழவைக்க மனசு வரல."

"சரி, அன்னைக்குச் சொன்ன. அதுக்கப்பறம்? காய்ச்சுது, பழுத்துது, படியெல்லாம் ஊதான்னு... ஆறு வருஷமா?"

"நாத்தமடிக்குதுன்னு சொன்னேன். அன்னைக்கு நீங்க பேசவே இல்ல."

"அதுக்கு? இல்லாததச் சொல்லுவியா?"

ஆசியா தலையிலிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள். பிறகு, "நீங்கதான் ஞாபகத்துலேர்ந்து எழுதினேன்னு சொன்னீங்களே. கண்ண மூடினா வந்து நிக்கும்னு. அப்ப அந்த மரம் உங்க ஞாபகத்துல இருந்த மரந்தானே? நான் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?" என்றாள்.

அவனுக்கு முகம் சிவந்தது. "ஓ, அதுவா விஷயம். பாட்டு உன்னோடதுன்னு சொல்ல வர்ற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற என்ன? நீ பேசினே, அவ்வளவுதான். பேசுறதெல்லாம் பாட்டாயிருமா? வீட்டுல இருக்கிற பொம்பள எல்லாருந்தான் பேசுறா."

அவள் கேட்டது பாட்டை அல்ல. 'ஆசியா சொல்லுவா, நான் கேட்பேன்' என்று எங்கேயாவது ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்க அவளுக்கு வாய் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனாள்.

விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஊர் ஜனம் இரண்டு வேன் வைத்துக்கொண்டு கிளம்பும்போது பொண்டாட்டி மட்டும் போகாமல் இருந்தால் என்ன ஆகும்? போனாள். தஞ்சாவூர் மண்டபத்தில் முதல் வரிசையில் அவளையும் ரிஃப்காவையும் உட்காரவைத்தார்கள். தலைமை வகித்த ஹரிஹரசுப்ரமணியன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், பாட்டை வரிவரியாக எடுத்து வியந்தார். 'வாசல் தெரியாத விருந்தாளி' என்ற ஓர் உவமைக்கே கால் மணி நேரம் பேசினார். பிறகு ஆசியாவை மேடைக்கு அழைத்து, "கணவரைக் கடல்தாண்டி அனுப்பிவிட்டுக் காத்திருந்த பொறுமைக்கு" என்று ஒரு சால்வை போர்த்தினார்கள். அது கழுத்தில் குத்தியது.

கடைசியில் ஜாஃபர் பேசினான். ராமாயி சொன்னதை வேறு யாராவது வெளியே சொல்லிவிடுவார்கள் என்ற பயமோ, வேறென்னவோ, அதை அவனே எடுத்தான்.

"ஒரு உண்மையச் சொல்லணும். பாட்டுல வர்ற நாவல் மரம் இப்ப இல்லைங்க. கஜா புயல்லயே விழுந்துருச்சு." மைக்கை இன்னும் அருகே இழுத்துக்கொண்டான். "விழுந்த மரத்த நான் விழ விடல. ஆறு வருஷமா, பாலைவனத்துல, என் மனசுக்குள்ளயே தண்ணி ஊத்தி வளத்தேன். வருஷா வருஷம் காய்க்க வச்சேன். இல்லாத மரத்துலேர்ந்து பறிச்ச பழந்தான் இந்தப் பாட்டு."

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ரிஃப்கா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, "அம்மா... அத்தா..." என்றாள்.

"கை தட்டு" என்றாள் ஆசியா. "எல்லாரும் பாக்குறாங்க."

அவளும் தட்டினாள். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய் அது. அதையும் அவன் எடுத்துக்கொண்டான்.

நோன்பு பிறப்பதற்கு முன் ஜாஃபர் குவைத்துக்குப் போய்விட்டான். கிளம்பும்போது, "மனசுல எதுவும் வச்சுக்காத" என்றான். அவள், "பெட்டிச் சாவி சின்னப் பையில இருக்கு" என்றாள்.

அந்த வருஷம் தண்ணீர் தாமதமாக, ஆடிக் கடைசியில் வந்தது. இரண்டு நாள் கழித்து அவன் வாய்ஸ் அனுப்பாமல் நேராகவே கூப்பிட்டான். ரிஃப்காவின் படிப்பு, வீட்டு வரி என்று கேட்டுவிட்டு, "ஆத்துல தண்ணி வந்துருச்சாமே?" என்றான்.

"வந்துச்சு."

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு."

அவன் காத்திருப்பது தெரிந்தது. வேனின் இண்டிகேட்டர் சத்தம்கூடக் கேட்டது. "ஹபீப் அடுத்த பாட்டு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றான்.

"கண்ண மூடி யோசிச்சுப் பாருங்க. வரும்."

வரவில்லை. ஹபீபும் அவனுமாக இன்னொரு பாட்டுப் போட்டார்கள். கடலும் நிலாவும் ஒட்டகமும் வந்தன. யாரும் அதைச் சீந்தவில்லை. மூன்றாவதாக ஒன்று வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. அவனுடைய அழைப்புகள் வாரத்துக்கு ஒன்றாகி, சம்பளம் அனுப்பும் அன்றைக்கு மட்டும் என்றாயின.

"நீங்களே எழுதுங்கம்மா. உங்க பேர்ல போடுவோம். நான் டைப் பண்ணித் தரேன்" என்று ரிஃப்கா விடாமல் சொன்னாள். ஒருநாள் காலை யாருக்கும் சொல்லாமல் ஆசியா போனை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். கான்கிரீட் சுவரில் சாய்ந்து நின்று, பொத்தானை அழுத்தி, வாயருகே வைத்துக்கொண்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகவேகூட ஓடியது. "தண்ணி வந்துருச்சுங்க" என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. அந்த 'ங்க'வில் நின்றுபோனாள். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் மூன்று விநாடிப் பதிவு ஒன்று விழுந்தது. அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். கேட்பதற்கு ஒருவன் இருந்தபோதுதான் ஆறு தன் கண்ணுக்குத் தெரிந்தது என்பதையும், இனி அவனுக்குச் சொல்ல முடியாது என்பதையும் அன்று அவள் சேர்த்தே புரிந்துகொண்டாள். அதற்காக அவனை மன்னிக்க அவளால் முடியவில்லை.

ஐப்பசியில் தெரு இளைஞர்கள் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து, நீல எழுத்தில் 'கவிஞர் ஜாஃபர் சாதிக் படித்துறை' என்று எழுதினார்கள். பக்கத்தில் ஒரு மரமும் வரைந்திருந்தார்கள். கடைத்தெருவுக்குப் போக ஆற்றங்கரைச் சந்துதான் குறுக்குவழி. ஆசியா இப்போதெல்லாம் பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு போகிறாள். பத்து நிமிஷம் கூட நடக்கவேண்டியிருக்கிறது. ஏன் சுற்றிப் போறீங்க என்று யாராவது கேட்டால், சந்தில் நாய் நிற்கிறது என்று சொல்கிறாள்.